ஏழு நிற எல்இடி முகமூடி: எந்தப் பட்டனை அமுக்குவது, எதைத் தொடவே கூடாது

எல்இடி முகமூடி வாங்கினால் பெட்டிக்குள் ஓர் அட்டவணை வரும். சுருக்கத்துக்குச் சிவப்பு, பருவுக்கு நீலம், மங்குக்குப் பச்சை, சிவந்த தோலுக்கு மஞ்சள், 'நச்சு நீக்க' ஊதா என்று வரிசையாகப் போகும். நம் மாநிறச் சருமத்துக்கு இதில் காசுக்குப் பெறுமானமுள்ளது சிவப்பு ஒன்றுதான். மங்கு உள்ளவர்கள் நீலத்தின் பக்கமே போகக்கூடாது. மற்ற நிறங்கள் அலங்காரம்.

ஒளி மருந்தாகும் என்பதில் சந்தேகமில்லை. தோலில் வரும் காசநோயைச் செறிவூட்டிய ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசே கிடைத்தது. மஞ்சள் காமாலை வந்த பச்சைக் குழந்தைகளை இன்றும் மருத்துவமனையில் நீல விளக்கின் கீழ்தான் படுக்க வைக்கிறார்கள். ஆனால் இரண்டிலும் அலைநீளத்துக்கும் அளவுக்கும் கணக்கு உண்டு. உறுப்புக்கு ஒரு நிறம், நோய்க்கு ஒரு நிறம் என்று பிரிக்கும் அட்டவணை வேறு வம்சம். பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தின்ஷா கடியாலி 1920-களில் வண்ணக் கண்ணாடி பொருத்திய பெட்டியை வைத்து அதைப் பரப்பினார். அந்த வம்சத்துக்கு இன்றுவரை ஆதாரம் கிடையாது. வண்ணப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்துக் குடிப்பதும் அதில் சேர்த்தி.

முதலில் காலை வெளிச்சம், அது இலவசம்

கருவி வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். தூக்கம் சரியில்லாத முகத்துக்கு எந்த விளக்கும் உதவாது.

கண்ணில் 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு அதிகம் துலங்கும் செல்கள் உண்டு. விடிந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்பவை அவைதான். அவற்றுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். ஒற்றை டியூப்லைட் எரியும் ஹாலில் 100, 200 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) இருந்தாலே பெரிது. வெளியே மேகமூட்டமான காலையிலும் அதைவிடப் பல மடங்கு வரும். குளிர்நாட்டுக்காரர்கள் குளிர்காலச் சோர்வுக்காக வாங்கும் 10,000 லக்ஸ் விளக்கு மலேசியாவில் இருக்கும் நமக்குத் தேவையில்லை.

நேரத்தில்தான் சிக்கல். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். அதனால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பொழுது விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான், பிப்ரவரியில் ஏறக்குறைய ஏழரை. ஆறரைக்கு நடக்கப் போய்விட்டு ஏழுக்குள் வீடு திரும்பினால் வியர்வைதான் மிச்சம், வெளிச்சம் கிடைத்திருக்காது. ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் இருபது நிமிடம் வெளியே இருங்கள். பிளாட்டில் இருந்தால் லிஃப்டில் இறங்கிக் கீழே வந்துவிடுங்கள். கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால் நிற்பது கணக்கில் சேராது. கடைவீட்டின் ஐந்தடியில் (கூரையுள்ள முன்நடைபாதையில்) தெருப்பக்கம் பார்த்து உட்கார்ந்து பசியாறினாலும் சரிதான், அங்கே வெளிச்சம் குறைவு என்பதால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். சூரியன் தாழ இருக்கும்போது அதற்கான யூவி-பி (புற ஊதா) கதிர் மிகக் குறைவு. காலை வெளிச்சம் தூக்கத்துக்கு, அவ்வளவுதான். உச்சி வெயிலும் இங்கே பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணி தாண்டித்தான். பதினொன்றிலிருந்து மாலை நான்குவரை தோலுக்கு ஆகாத நேரம்.

ராத்திரி பல்பு

நம் வீடுகளில் கூடத்திலிருந்து படுக்கையறைவரை 6500 கெல்வின் வெள்ளை பல்புதான். 'டேலைட்' என்று பெட்டியில் எழுதியிருப்பது அது. கூடத்தில் இருக்கட்டும். படுக்கையறையில் மட்டும் 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் பல்பு ஒன்றை, மேசை விளக்கில், கண் மட்டத்துக்குக் கீழே பொருத்துங்கள். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். நிறத்தைவிட பிரகாசத்தைக் குறைப்பதுதான் முக்கியம். மஞ்சள் பல்பு நான்கைக் கூரையில் எரியவிட்டால் பயனில்லை.

சிவப்புக் கருவியைச் சோதிப்பது

தேவை 630 முதல் 660 நானோமீட்டர் சிவப்பு. சில கருவிகளில் கூடவே 830 அல்லது 850 நானோமீட்டர் அகச்சிவப்பும் வரும், அது கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒளியைச் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி உறிஞ்சுவதாகக் கருதப்படுகிறது. மெல்லிய சுருக்கம், தோலின் சொரசொரப்பு, பருவின் வீக்கம் இவற்றில் மிதமான பலன் உண்டு. ஆழமான மடிப்பும் பள்ளத் தழும்பும் இதில் போகாது.

வீட்டில் கிடக்கும் பழைய பாட்டு சிடி ஒன்றை எடுங்கள். அறையை இருட்டாக்கி, கறுப்பு அட்டையில் மெல்லிய பிளவு ஒன்று வெட்டி முகமூடியின் முன் வையுங்கள். பிளவு வழியே வரும் ஒளியை சிடியின் பளபளப்புப் பக்கத்தில் சாய்வாக விழ வைத்து, அதில் தெரியும் நிறப்பட்டையைப் பாருங்கள். சிவப்புப் பட்டனுக்கு ஒற்றைச் சிவப்புப் பட்டை தெரிய வேண்டும். மஞ்சள் பட்டனை அமுக்கினால் குட்டு உடைந்துவிடும்: பெரும்பாலான மலிவு முகமூடிகளில் மஞ்சளே இருக்காது, சிவப்பும் பச்சையும் தனித்தனியாகத் தெரியும். உள்ளே இருப்பவை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே சில்லு. ஊதா என்பது சிவப்பும் நீலமும் கலந்தது. அதாவது ஊதாப் பட்டனை அமுக்குபவர் தெரியாமலே முகத்தில் நீலம் அடித்துக்கொள்கிறார்.

அகச்சிவப்பு உண்டா என்று பார்க்க, கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைக் கருவியை நோக்கிப் பிடியுங்கள். கண்ணுக்கு அணைந்ததுபோலத் தெரியும் சில்லுகள் திரையில் மங்கலான வெள்ளையாகவோ ஊதாவாகவோ மின்னும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் அதை நம்ப வேண்டாம்.

எவ்வளவு நேரம்: பலர் தடுக்கி விழும் இடம்

கருவியோடு வரும் தாளில் '10 நிமிடம்' என்று இருக்கும். அதை அப்படியே பின்பற்றி மூன்று மாதம் கழித்து 'ஒன்றும் நடக்கவில்லை' என்பவர்கள்தான் அதிகம். தோலுக்குப் போய்ச் சேர வேண்டியது நிமிடமல்ல, ஆற்றல். கணக்கு எளிது:

சதுர சென்டிமீட்டருக்கு விழும் மில்லிவாட் × விநாடி ÷ 1000 = சதுர சென்டிமீட்டருக்கு ஜூல்.

முகத்துக்கு 5, 6 ஜூலில் தொடங்கி 10 வரை போகலாம். 20 மில்லிவாட் தரும் கருவியில் 6 ஜூலுக்கு 300 விநாடி, அதாவது 5 நிமிடம் ஆகும். 40 மில்லிவாட் என்றால் இரண்டரை நிமிடமே போதும்.

பெட்டியில் '100 மில்லிவாட்' என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். கூட்டிக் கழித்துப் பாருங்கள். முகமூடி யூஎஸ்பி வயரில் ஓடுகிறது, 5 வோல்ட் 1 ஆம்பியர், மொத்தம் 5 வாட். அதில் ஒளியாக மாறுவது மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 1.7 வாட். முகமூடியின் பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிவாட் சொச்சம். நூறு மில்லிவாட் வர வேண்டுமானால் ஒளி மட்டுமே 40 வாட் வேண்டும், அதை 5 வாட் வயர் எங்கிருந்து தரும்? இந்தக் கருவியில் பத்து நிமிடத்துக்கு இரண்டரை ஜூல்தான் கிடைக்கும். 6 ஜூலுக்கு 23, 24 நிமிடம் ஆகும். தானாக அணையும் கருவியானால் இரண்டு முறை திரும்பப் போட வேண்டும்.

சுவரில் மாட்டும் பேனல் கருவிகளில் பிரச்சினை நேரெதிர். அவை உண்மையிலேயே பலமானவை. ஆனால் விற்பவர்கள் பெரும்பாலும் சூரிய ஒளிக்கான மீட்டரை வைத்து அளக்கிறார்கள், அது எல்இடி சிவப்பில் கூட்டிக் காட்டும். சொன்ன எண்ணில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தையும் பாருங்கள், 15 செ.மீ.க்குச் சொன்ன எண் 30 செ.மீ.க்குப் பொருந்தாது. அதிகம் அடித்தால் அதிகப் பலன் என்பதும் கிடையாது. ஓர் அளவைத் தாண்டினால் பலன் குறையத் தொடங்கும்.

என் தேர்வு சிறிய பேனல்தான். முகத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி வைத்து, பக்கத்தில் மின்விசிறியைச் சுழலவிடலாம். முகமூடிக்குள் இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். மங்கு உள்ளவர்களுக்கு வெப்பமே எதிரி, அவர்கள் அகச்சிவப்பை அணைத்துவிட்டுச் சிவப்பை மட்டும் எரிய விடட்டும்.

செய்யும் முறை

முகம் கழுவித் துணியால் ஒற்றி எடுங்கள். சன்ஸ்கிரீன், பவுடர், திருநீறு, சந்தனம் எல்லாம் போக வேண்டும், இவை ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒட்டுப்பொட்டையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த வட்டத்தில் மட்டும் ஒளி படாது. மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராதீர்கள். கண்ணை மூடி, மேலே கறுப்புக் கண்மூடியும் போடுங்கள். முடிந்தபின் ஈரப்பத கிரீம் தடவலாம். ரெட்டினால் (வைட்டமின் ஏ கிரீம்) போடுபவர்கள் விளக்குக்குப் பிறகு போடுங்கள், முன்னால் வேண்டாம்.

முதல் வாரம் பாதி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் அமைதியாக இருந்தால் வாரத்துக்கு நான்கு நாள் முழு அளவு. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். படம் எடுத்துவையுங்கள்: ஒரே இடம், ஒரே பல்பு, ஒரே தூரம், ஜன்னல் திரை மூடியிருக்கட்டும். வெளிச்சம் மாறிய இரண்டு படத்தை ஒப்பிட்டு மனதைத் தேற்றிக்கொள்வதில் லாபமில்லை.

டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் போன்ற ஒளிக்கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்கள், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) அல்லது வலிப்பு உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நீலம் ஏன் வேண்டாம்

பருவை உண்டாக்கும் கிருமியில் போர்பைரின் என்ற பொருள் இருக்கிறது. 415 நானோமீட்டர் ஊதா-நீலம் பட்டால் அது கிருமியையே கொல்லும். இது சரியான அறிவியல். ஆனால் மூன்று சில்லு முகமூடியின் நீலம் 460, 470 பக்கம் இருக்கும், கிருமிக்குக் குறி தவறிவிடும். அலைநீளம் சரியாக இருந்தாலோ அது நமக்கு வேறு தொல்லை: அதே ஊதா-நீல ஒளி கருத்த சருமத்தில் நிறமியைத் தூண்டும், அந்தக் கருமை வாரக்கணக்கில் நிற்கும். பரு போய்க் கரும்புள்ளி வந்த கதையாகிவிடும். பருவுக்குத் தோல் மருத்துவரிடம் போவதே மலிவு.

வெயிலில் வரும் நீலமும் இதே வேலையைச் செய்யும். வெள்ளை சன்ஸ்கிரீன் யூவியைத் தடுக்கும், நீலத்தை அவ்வளவாகத் தடுக்காது. மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் ஏற்றிய எஸ்பிஎஃப் 30-க்கு மேற்பட்டதை வாங்குங்கள்.

பிற்சேர்க்கை: அடிக்கடி வரும் கேள்விகள்

இரண்டு முள் பிளக்: இணையத்தில் வாங்கும் பேனலோடு பெரும்பாலும் இதுதான் வரும். சுவிட்சின் மேல் ஓட்டையில் பேனாவைத் திணித்து, திறந்ததும் சொருகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது எர்த்துக்கான ஓட்டை. சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரை உள்ள அடாப்டர் வாங்குங்கள். 110 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் கருவியையே திருப்பி அனுப்புங்கள்.

எலுமிச்சை: லீமாவ் நீப்பிஸ் சாற்றை முகத்தில் தேய்த்தபின் சிவப்பு விளக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் சாறு ஒட்டிய தோலோடு வெயிலில் போனால், அதிலுள்ள ஃபியூரனோகூமரின் யூவி-ஏ கதிரோடு சேர்ந்து தோலைக் கொப்புளமாக்கிக் கருக்கவைத்துவிடும். எலுமிச்சையை ரசத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சள் பூச்சு ஏன் ஆகாது: மஞ்சளில் உள்ள குர்குமின் நீல ஒளியை உறிஞ்சி வினைபுரியும் பொருள், ஊதாப் பட்டனைத் தவறி அமுக்கினால் எரிச்சல் வரலாம். சிவப்பில் அந்தப் பயமில்லை, ஆனாலும் கருவியின் சிலிக்கானில் மஞ்சள் கறை ஏறிவிட்டால் போகவே போகாது.

குழந்தைக்குக் காமாலை: காலை வெயிலில் காட்டினால் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போதாது. அளவு தெரியாத வெயிலில் உடல்நீர் வற்றும், தோல் வெந்துபோகும், நாளும் வீணாகும். அன்றைக்கே கிளினிக் கெசிஹாத்தானுக்குத் (அரசு சுகாதார கிளினிக்) தூக்கிக்கொண்டு போய் ரத்தத்தில் காமாலை நிறமியான பிலிருபின் அளவைப் பார்த்துவிடுங்கள். இந்த முகமூடியின் நீலத்தைக் குழந்தை மேல் அடிப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.