அடர்த்திச் சார்பு: உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் தாளோ பல்கலைக்கழக முதலாண்டுத் தாளோ, தொடர் மாறி (நேரம், எடைபோல இடைவெளியின்றி எந்த மதிப்பையும் எடுக்கும் அளவு) வந்துவிட்டால் தவறுகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வருகின்றன. தொகையீட்டில் குறி மாறுவது, எல்லை இடம் மாறுவது இங்கே வேண்டாம். திரும்பப் பார்த்தால் அவை கண்ணில் பட்டுவிடும். அடர்த்திச் சார்பு என்பது ஒரு வளைகோடு; அதன் கீழுள்ள பரப்புதான் நிகழ்தகவு, உயரம் அல்ல.

உயரத்தையே நிகழ்தகவாகப் படிப்பது

பட்டர்வொர்த்தில் 20 நிமிடத்துக்கு ஒரு ஃபெரி என்று வைத்துக்கொள்வோம். அட்டவணை பார்க்காமல் போய் நிற்பவரின் காத்திருப்பு 0 முதல் 20 நிமிடம் வரை சீராகப் பரவியிருக்கும். மொத்தப் பரப்பு 1, அடி 20, எனவே உயரம் 0.05. உடனே ‘5 நிமிடம் காத்திருக்கும் நிகழ்தகவு 0.05’ என்று எழுதிவிடுகிறார்கள். இம்மியும் பிசகாமல் 5 நிமிடம் காத்திருக்கும் நிகழ்தகவு 0. அந்த 0.05 ‘நிமிடத்துக்கு 0.05’. விழுங்கப்படுவது அந்த ‘நிமிடத்துக்கு’தான்.

அதே காத்திருப்பை மணியில் எழுதுங்கள். அடி 1/3 மணி, உயரம் 3. ஃபெரியும் அதேதான், பயணியும் அவரேதான். நிகழ்தகவு 3 ஆகிவிட்டதா? இந்த இடத்தில் பலர் ‘1-ஐத் தாண்டக்கூடாதே’ என்று சரியான விடையை அடித்துவிடுகிறார்கள். அந்த வரம்பு பரப்புக்குத்தான். உயரம் எதிர்மமாகாமல் இருந்தால் போதும். 5 நிமிடத்துக்குள் ஏறிவிட 5 × 0.05 = 0.25, மணிக்கணக்கில் 1/12 × 3, அதுவும் 0.25. அலகை மாற்றினால் மாறும் எண் நிகழ்தகவே அல்ல.

கணினியில் இது இன்னும் மோசம். எக்செல்லில் இயல்நிலைப் பரவலுக்கான நார்ம்.டிஸ்ட்டில் கடைசி இடத்தில் ஃபால்ஸ் போட்டால் கிடைப்பது உயரம். ட்ரூ போட்டால்தான் இடப்பக்கப் பரப்பு. கேசியோ கணிப்பானில் ‘நார்மல் பிடி’க்கும் ‘நார்மல் சிடி’க்கும் இதே வேறுபாடு: பிடி உயரம், சிடி பரப்பு. அரிசி மூட்டையின் சராசரி 10 கிலோ, திட்ட விலக்கம் 0.1 கிலோ என்றால், 10-இல் உயரம் 3.99. பார்த்ததும் திடுக்கிட்டுத் திருத்திவிடுவார்கள். திட்ட விலக்கம் 1 கிலோ என்றால் 9 கிலோவில் உயரம் 0.242, 9 கிலோவுக்குக் குறைவாக இருக்கும் நிகழ்தகவோ 0.1587. 0.242-ஐப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. அறிக்கை வரைக்கும் அது அப்படியே போய்விடும், அதுதான் எரிச்சல்.

‘குறைவா, குறைவு அல்லது சமமா?’

தொடர் மாறியில் இரண்டும் ஒன்றே. முழு எண்களை மட்டும் தரும் ஈருறுப்புப் பரவலுக்கு இயல்நிலைப் பரவலைத் தோராயமாக வைக்கும்போதுதான் அந்த 0.5 திருத்தத்துக்காக இதைப் பார்க்க வேண்டும்.

முதல் துண்டை மறப்பது

ஒரு முக்கோண அடர்த்தி: 0-இல் உயரம் 0, 1-இல் 1, 2-இல் மறுபடியும் 0. 1.5 வரையிலான திரள் நிகழ்தகவு, அதாவது 0 முதல் 1.5 வரையிலான மொத்தப் பரப்பு, என்ன? இரண்டாம் துண்டை 1 முதல் 1.5 வரை தொகையிட்டு 0.375 என்று நிறுத்திவிடுகிறார்கள். 1 வரை சேர்ந்த 0.5 எங்கே போனது? விடை 0.875. கடைசி எல்லையான 2-ஐப் போட்டுப் பாருங்கள்: 1 வர வேண்டும். 0.5 வந்தால் முதல் துண்டு விடுபட்டிருக்கிறது.

உச்சி இருக்கும் இடமே சராசரி

ஒரே உச்சியோடு சமச்சீராக இருந்தால் மட்டும் இதை நம்பலாம்.

அட்டவணை எந்தப் பக்கம்?

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) கூடுதல் கணிதத்தின் இயல்நிலை அட்டவணை தருவது வலப்பக்க வால்: z மதிப்பு (சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி) 1-க்கு 0.1587. பல வெளிநாட்டுப் புத்தகங்களும் எக்செல்லும் தருவது இடப்பக்கம்: அதே 1-க்கு 0.8413. அட்டவணையின் தலையில் நிழலிட்ட படம் இருக்கும். எண்ணைத் தேடும் முன் அதைப் பாருங்கள். 0-க்கு நேரே இரண்டிலும் 0.5 என்பதால் அந்த வரி காட்டிக்கொடுக்காது.