திருடப்பட்ட ஆத்தங்குடிக் கட்டுரையை நீக்க வைத்த அனுபவம்

ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றித் தளக்கல் செய்வதைப் படங்களோடு எழுதியிருந்தேன். அது ஒரு வரிகூட மாறாமல் வேறொரு தளத்தில், வேறொருவர் பெயரில் வந்திருந்தது.

தளக்காரருக்கு எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் கூகுளின் பதிப்புரிமைப் படிவத்தை நிரப்பினேன். தேடலிலிருந்து மறைந்ததே தவிர, பக்கம் அப்படியே இருந்தது; வாட்ஸப்பில் அந்த இணைப்புதான் சுற்றியது. டொமைன், அதாவது தளத்தின் பெயரைப் பதிந்து கொடுத்த நிறுவனம், கட்டுரை தங்கள் கணினியில் இல்லை என்று கைவிரித்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். தளத்தின் ஐபி முகவரியை (இணையத்தில் அதைக் காட்டும் எண்) தேடினால் வரும் பெயர், பக்கத்தை உண்மையில் வைத்திருக்கும் நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. இடையில் நின்று பக்கத்தை வேகமாகக் கொடுக்கும் சேவையாக இருக்கலாம். அவர்களுடைய புகார்ப் படிவத்தில் எழுதிய பிறகுதான் பின்னால் பக்கத்தை உண்மையில் வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம் எது என்று தெரிந்தது.

அது அமெரிக்க நிறுவனம். எனவே டிஎம்சிஏ எனும் 1998ஆம் ஆண்டின் அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, நகலை நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினேன். கட்டுரைக்கும் ஒவ்வொரு படத்துக்கும் மூல முகவரி, நகல் முகவரி என்று தனித்தனியாகக் கொடுத்தேன். படக்கோப்புக்குத் தனி முகவரி உண்டு. பக்கத்தை நீக்கினாலும் படம் அங்கேயே கிடக்கும். உரிமை என்னுடையது என்ற உறுதிமொழி, கையொப்பமாக முழுப்பெயர், கேமரா தேதி பதிந்த மூலப்படங்கள் எல்லாம் வைத்தேன். கட்டுரையும் படங்களும் நீங்கின. பெரிய நிம்மதி.

இந்திய நிறுவனம் என்றால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(சி) பிரிவைக் காட்டலாம். புகார் சரியென்று பட்டால் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம்.