கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியைக் கோப்பைக்குத் தயார் செய்வது எப்படி?

கல்லூரிகளுக்கு இடையிலான பல போட்டிகளில் நாக்-அவுட் சுற்று அடுத்தடுத்த நாட்களில் நடக்கும். மூன்றாம் நாள், நான்காவது குவார்ட்டரில், களைத்த காலோடு ஒழுங்காக ஆடத் தெரிந்த அணிக்கே கோப்பை. பயிற்சி முழுவதையும் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மனதில் வைத்தே அமைக்க வேண்டும்.

அதனால் திட்டத்தைப் போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். 16 வாரம் கையில் இருந்தால் முதல் 5 வாரம் கால் வலிமைக்கும் ஓட்டத்துக்கும், அடுத்த 9 வாரம் ஆட்ட முறைகளுக்கும் நட்பு ஆட்டங்களுக்கும், கடைசி 2 வாரம் சுமையைக் குறைக்கவும். தேர்வு வாரங்களை அட்டவணையில் முதலிலேயே குறித்துவிடுங்கள். தூக்கம் கெட்டு, மன அழுத்தத்தில் இருக்கும் பெண்ணை அந்த வாரத்தில் முழு வேகத்தில் ஓடவிட்டால் காயம்தான் மிஞ்சும். பயிற்சி நேரத்தைப் பாதியாக்கி, ஷூட்டிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முழங்கால்

பெண்கள் அணியின் சீசனைப் பாழாக்குவதில் முதல் இடம் முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிவதற்குத்தான். இதே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் நேர்கிறது. பெரும்பாலும் யாரும் மோதுவதில்லை. ரீபவுண்டுக்கு, அதாவது கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதோ, ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தித் திரும்பும்போதோ முழங்கால் உள்பக்கமாக மடிந்துவிடுகிறது. அறுவை சிகிச்சை செய்தால் திரும்பக் களத்துக்கு வரக் குறைந்தது 9 மாதம் ஆகும், அதாவது அந்த சீசன் முடிந்தது.

தடுக்கும் வழி எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். வாரம் 3 நாள், வார்ம்-அப்பிலேயே 15 முதல் 20 நிமிடம் போதும். 30 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து இறங்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்கால் பாதவிரலுக்கு நேராக இருக்க 2 விநாடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். 6 முறை வீதம் 3 செட். இரண்டு காலில் சரியாக வந்தபின் ஒற்றைக் காலுக்குப் போங்கள். தொடையின் பின்தசைக்கு, மண்டியிட்டு மெல்ல முன்னே சாயும் பயிற்சி 5 முறை வீதம் 2 செட். முன்னால் நின்று போனில் படம்பிடித்துக் காட்டுங்கள். முழங்கால் உள்ளே போவதை ஆடுபவரே பார்த்தால்தான் திருத்திக்கொள்வார். ஆட்டங்கள் தொடங்கியதும் நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது இந்தப் பயிற்சிதான். பலன் காக்கப்பட வேண்டிய நேரமே அதுதான் என்பதால், இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எண்கள்

ஸ்கோரை மட்டும் பார்த்தால் அணியின் நிலை தெரியாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எத்தனை முறை பந்து நம் கைக்கு வந்தது என்று கணக்கிடுங்கள்: கூடைக்கு எறிந்தவை + (ஃப்ரீ த்ரோ × 0.44) − எதிரணிக் கூடையடியில் நாம் எடுத்த ரீபவுண்ட் + டர்ன்ஓவர் (எறியாமலே பந்தை எதிரணியிடம் இழந்தவை). 62 எறிதல், 16 ஃப்ரீ த்ரோ, 9 ரீபவுண்ட், 15 டர்ன்ஓவர் என்றால் சுமார் 75 வாய்ப்பு. அதில் 60 புள்ளி எடுத்திருந்தால் ஒரு வாய்ப்புக்கு 0.8. ஷூட்டிங் மோசம் என்று தோன்றும். ஆனால் 15 வாய்ப்பு எறியாமலே போயிருக்கிறது. கல்லூரி அணிகளில் குறை பெரும்பாலும் இங்கேதான். 5 பேருக்கு எதிராக 7 பேர் பிரெஸ் செய்ய (நெருங்கி மறித்து நெருக்கடி கொடுக்க), டிரிபிள் இல்லாமல் பாஸிலேயே 8 விநாடிக்குள் பாதிக்கோட்டைத் தாண்டும் பயிற்சி இதற்கு நல்ல மருந்து.

ஃப்ரீ த்ரோவை வரிசையாக 50 போட்டுப் பழகுவதால் பெரிய பயனில்லை. ஆட்டத்தில் மூச்சு வாங்கும்போது இரண்டே இரண்டுதான் கிடைக்கும். எனவே கோர்ட்டின் நீளத்தை இரண்டு முறை ஓடி, உடனே 2 போட வேண்டும். இப்படி 10 சுற்று. முடிவை ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதி வையுங்கள், கடைசி நிமிடத்தில் பந்து யார் கையில் இருக்க வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லும். ஆண்கள் அணியோடு பயிற்சி ஆட்டம் வைத்தாலும் பெண்களுக்குரிய 6-ஆம் எண் பந்தையே பயன்படுத்துங்கள். ஆண்களின் 7-ஆம் எண் பந்தில் ஆடினால் கைப்பழக்கம் மாறிவிடும்.

ஆட்ட நாள்

பட்டியலில் 12 பேர் இருந்தாலும் நாக்-அவுட்டில் நம்பி இறக்க 9 பேராவது வேண்டும். அந்த ஒன்பதாவது ஆளை லீக் ஆட்டங்களிலேயே, ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போது இறக்கிப் பழக்குங்கள். முதல் இரண்டு நாளில் எவரும் 30 நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் குவார்ட்டரில் 2 ஃபவுல் வாங்கியவரை உட்கார வைப்பது நல்லது, ஐந்தாவது ஃபவுலோடு அவர் ஆட்டம் முடிந்துவிடும்.

ஃபிபா (சர்வதேச கூடைப்பந்து சம்மேளனம்) விதியில் இரண்டாம் பாதிக்கு 3 டைம் அவுட். அவற்றில் கடைசி 2 நிமிடத்தில் 2-ஐ மட்டுமே எடுக்க முடியும். மூன்றையும் பத்திரப்படுத்தினால் ஒன்று வீணாகும், கடைசி 2 நிமிடம் தொடங்கும் முன்பே ஒன்றை எடுத்துவிடுங்கள். அந்தக் கடைசி நேரத்தில் நம் பாதியிலிருந்து பந்து போட வேண்டியிருந்து நாம் டைம் அவுட் எடுத்தால், பந்தை எதிரணிப் பாதிக்கு முன்னகர்த்திக்கொள்ளலாம். ஆனால் அப்போது ஷாட் கிளாக்கில் (கூடைக்கு எறிய உள்ள நேரத்தைக் காட்டும் கடிகாரம்) அதிகபட்சம் 14 விநாடிதான். அந்த 14 விநாடிக்கென்றே 2 ஆட்ட முறைகளைத் தயாராக வைத்து, வாரம் ஒரு முறையாவது கடிகாரத்தோடு ஓட்டிப் பாருங்கள்.

கடைசி இரண்டு வாரமும் ஆட்டங்களுக்கு இடைப்பட்ட இரவுகளும்

பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். புது ஆட்ட முறை எதையும் சேர்க்க வேண்டாம். யாராவது காரணமின்றிச் சோர்ந்தால் திட்டுவதற்கு முன் ரத்தத்தில் இரும்புச்சத்தையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றுபோயிருந்தால், ஆடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். இதைக் கூச்சமின்றிச் சொல்ல அணியில் ஒரு பெண் பொறுப்பாளர் இருப்பது அவசியம்.

ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். மறுநாள் எதிரணி பற்றி ஒரு பக்கக் குறிப்பு போதும்: யாரை எந்தக் கைப்பக்கம் ஓட்டுவது, யாருக்கு வெளியிலிருந்து எறிய இடம் விடுவது, அவர்கள் அதிகம் ஆடும் இரண்டு முறைகள். வீடியோ 15 நிமிடத்தைத் தாண்டாமல், 8 மணி நேரத் தூக்கத்துக்கு இடம் விட்டு விளக்கை அணையுங்கள். காலையில் 20 நிமிடம் ஷூட்டிங், ஓட்டம் வேண்டாம்.