இரண்டு க்யூபிட்டுகளுக்கு நடுவே எவ்வளவு பிணைப்பு? தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம்

க்யூபிட் என்பது 0, 1 இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட். இரண்டு க்யூபிட்டுகளின் நிலையைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், அதுதான் குவாண்டம் பிணைப்பு (entanglement). அதைக் கணக்கிட தாள், பேனா, மடக்கை பார்க்கும் கால்குலேட்டர் போதும்.

படி 1: நிலையை எழுதுங்கள். அ|00⟩ + ஆ|01⟩ + இ|10⟩ + ஈ|11⟩. இதில் |01⟩ என்றால் முதல் க்யூபிட் 0, இரண்டாவது 1. நான்கு எண்களின் (கலப்பெண்ணானால் அவற்றின் மட்டு மதிப்புகளின்) வர்க்கங்களையும் கூட்டினால் 1 வர வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது அ = ஆ = இ = 1/√3, ஈ = 0. முழுப் பிணைப்புள்ள பெல் நிலையோடு தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் அதில் விடை உடனே 1 என்று வந்துவிடும், கணக்கின் போக்கு பிடிபடாது.

படி 2: 2 × |அஈ − ஆஇ|. இதற்குக் கன்கரன்ஸ் என்று பெயர். நமக்கு 2/3 வருகிறது. 0 வந்தால் பிணைப்பே இல்லை. 1 வந்தால் முழுப் பிணைப்பு.

படி 3: இரண்டாவது க்யூபிட்டை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பாருங்கள். அதன் அடர்த்தி அணிக்கு (நிலையின் நிகழ்தகவு விவரங்களைத் தாங்கும் எண் அட்டவணை) இரண்டு ஐகென் மதிப்புகள் (அந்த அணிக்கே உரிய சிறப்பு எண்கள்; இங்கே நிகழ்தகவுகள் போலப் பயன்படும்). கூட்டினால் 1, பெருக்கினால் கன்கரன்ஸில் பாதியின் வர்க்கம், அதாவது 1/9. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 0.873, 0.127.

படி 4: ஒவ்வொன்றையும் அதன் 2-அடிமான மடக்கையால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றுங்கள். 0.171 + 0.379 = 0.55 பிட். இதுதான் பிணைப்பு என்ட்ரோபி. 10-அடிமான மடக்கை மட்டும் இருந்தால், அதை 0.301ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். இந்த முறை தூய நிலைகளுக்கு, அதாவது படி 1 போல ஒரே கூட்டலாக எழுத முடிகிற நிலைகளுக்கு, மட்டுமே செல்லும். பாதி நேரம் |00⟩, பாதி நேரம் |11⟩ என்று யாரோ தயாரித்துத் தருகிறார் என்று வையுங்கள். இது ஒரு கலவை. ஒரு க்யூபிட்டை மட்டும் பார்த்தால் என்ட்ரோபி 1 பிட். பெல் நிலையிலும் அதே 1 பிட்! ஆனால் முன்னதில் குவாண்டம் பிணைப்பு துளியும் இல்லை.

இரண்டையும் பிரித்துக் காட்ட, 1996இல் பெரஸும் ஹொரோடெக்கி குடும்பத்தாரும் தந்த சோதனை இருக்கிறது. 4×4 அடர்த்தி அணியில் இரண்டாவது க்யூபிட்டின் நிரை, நிரல் குறியீடுகளை மட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றுங்கள். (|00⟩ + |11⟩)/√2 என்ற பெல் நிலையில் வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் இருந்த 1/2கள் நடுவுக்கு வந்துவிடும். ஒரு ஐகென் மதிப்பு −1/2 ஆகும். கலவையில் அந்த மூலைகளில் 0தான், எதுவும் மாறாது. எதிர்க்குறி வந்தால் பிணைப்பு உண்டு. இரண்டு க்யூபிட்டுகள் வரை, வராவிட்டால் இல்லை என்றும் துணிந்து சொல்லலாம். எனக்கு மிகப் பிடித்த சோதனை இது.

ஆய்வகத்தில் கிடைப்பது எப்போதும் இரைச்சல் கலந்த நிலைதான். அங்கே ஒவ்வொரு க்யூபிட்டையும் மூன்று அச்சுகளில், மொத்தம் 9 அமைப்புகளில் பலமுறை அளந்து, அடர்த்தி அணியை மீட்டெடுத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். படி 4இன் என்ட்ரோபியை அங்கே நம்ப வேண்டாம்.