நீக்கல் விவாதத்தை முடித்து வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை இருக்கலாமா, போகலாமா என்று விவாதம் நடக்கும். பொதுவாக 7 நாள் ஆனதும், அதில் வாயே திறக்காத ஒருவர் வந்து முழுவதையும் படித்து, இணக்கம் (வாதங்களை எடைபோட்டால் தெரியும் பொதுக் கருத்து) எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுதி முடித்து வைப்பார். சம்பளமில்லாத வேலை. வசவு மட்டும் நிறைய கிடைக்கும். சிங்கப்பூரிலிருந்து சில தமிழ் இளையர்கள் இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதிய முடிவுகளைப் படித்தால், ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகள் தெரிகின்றன. தலையை எண்ணாதே, வாதத்தை எடைபோடு என்பதை முதல் நாளே எல்லாரும் சொல்லிவிடுவார்கள், அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

யார் எப்போது சொன்னார் என்று பார்க்காதது

1960களில் சிங்கப்பூரில் மேடை நாடகம் போட்ட ஒருவரைப் பற்றிய கட்டுரை அது. கூகுளில் தேடினேன், அவரைப் பற்றிப் பிறர் எழுதிய சான்று ஒன்றும் அகப்படவில்லை என்று ஒருவர் நீக்கப் பரிந்துரைத்தார். இரண்டு நாளுக்குள் ஐந்து பேர் வந்து “நானும் அப்படியே நினைக்கிறேன்” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஆறாம் நாள் ராத்திரி ஒரு பயனர், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்களைத் துழாவி மூன்று துணுக்குகளைக் கொண்டுவந்து போட்டார். ஒன்று நாடக விமர்சனம், ஒன்று நேர்காணல், மூன்றாவது வெறும் நிகழ்ச்சி அறிவிப்பு. மறுநாள் புது நிர்வாகி (கட்டுரையை நீக்கும் உரிமை பெற்ற பயனர்) ஒருவர் “சான்று இல்லை என்பதே பெரும்பாலோர் கருத்து” என்று எழுதிக் கட்டுரையை நீக்கிவிட்டார்.

இதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் சோம்பேறி இல்லை. எல்லாவற்றையும் படித்திருக்கிறார், வாதங்களைத்தான் எடைபோட்டிருக்கிறார். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியதைப் போலப் படித்துவிட்டார். முதல் இரண்டு நாளில் “சான்று இல்லை” என்பது சரியான வாதம். ஆறாம் நாள் ராத்திரிக்குப் பிறகு அதற்கு உயிர் இல்லை. அதை ஐந்துக்கு ஒன்று என்று எப்படிச் சொல்வது? சான்றைப் பார்த்துவிட்டுப் பேசியவர் என்று எடுத்தால் கொண்டுவந்தவரைத் தவிர ஒருவருமே இல்லையே!

இப்படி நிற்கும் விவாதத்தை இன்னொரு வாரம் நீட்டுங்கள். “புதிய சான்றுகள் வந்துள்ளன, முன்பு கருத்துச் சொன்னவர்கள் பார்க்கவும்” என்று ஒரு வரி எழுதி, அந்த ஐவருக்கும் தகவல் போகும்படி செய்யுங்கள். அப்புறம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று பேர் வந்து, விமர்சனம் விரிவாகவே இருக்கிறது என்று காரணத்தோடு சொன்னால், பழைய ஐவர் மௌனமாக இருந்தாலும் கட்டுரையை வைத்துக்கொள்ளலாம். மாறாக, விமர்சனத்தில் இவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது, நேர்காணல் அவரே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது என்று ஒருவர் பிரித்துக் காட்டி, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால் தயங்காமல் நீக்கலாம்.

இதில் தமிழ் தெரிந்த நமக்கென்றே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. விவாதத்தில் இருப்பவர்களில் பலருக்குத் தமிழ் முரசைப் படிக்கத் தெரியாது, நமக்குத் தெரியும். கை சும்மா இருக்காது. துணுக்கைத் திறந்து, படித்து, “நேர்காணல் நன்றாகத்தான் இருக்கிறது” என்று நாமே முடிவு எழுதிவிடுவோம். அது இணக்கத்தைக் கணித்ததாக ஆகாது. நம் ஓட்டைப் போட்டுவிட்டு அதையே தீர்ப்பாக அறிவித்ததாகும். அந்தத் துணுக்கில் என்ன இருக்கிறது என்று ஒரு பத்தி ஆங்கிலத்தில் எழுதி விவாதத்தில் போடுங்கள். முடித்து வைக்கும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள். “தமிழில் இருக்கிறது, எனக்குப் புரியவில்லை” என்று யாராவது சான்றைத் தள்ளினால் அந்த வாதத்துக்கு எடை கொடுக்க வேண்டாம். சான்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், இணையத்தில் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

நீக்கிய கட்டுரையின் வாசகத்தை நிர்வாகிகள் மட்டுமே பார்க்க முடியும். முடித்து வைத்தது சரியா என்று மற்றவர்கள் பார்க்கும் மறுபரிசீலனையில் அதை மீட்டுவிடலாம், இதையும் மீட்டோம். துணுக்குகளைத் தேடிக் கொடுத்தவர் மட்டும் திரும்பி வரவில்லை.

ஒரே மாலையில் முளைத்த கணக்குகள்

ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போயிருக்கும். “அவர் சமூகத்துக்கு நிறைய செய்தவர்” என்று இருபது பேர் வருவார்கள். எடை குறைவுதான். ஆனால் அவர்களில் ஒருவர் நல்ல சான்று கொண்டுவந்தால், கணக்கு நேற்றுத் தொடங்கியது என்பதற்காக அதைத் தள்ளாதீர்கள்.

“இணக்கம் இல்லை” என்று எழுதக் கூச்சப்படுவது

கூச்சம் வேண்டாம். அதுவும் ஒரு முடிவுதான், பெரும்பாலும் கட்டுரை அப்படியே இருக்கும்.

இரண்டே வழி என்று நினைப்பது

வேறொரு கட்டுரையோடு இணைக்கலாம், அந்தத் தலைப்பைத் தேடி வருபவரை வேறொரு கட்டுரைக்கு அனுப்பும் வழிமாற்று வைக்கலாம். யாராவது அதைச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

காரணம் எழுதாமல் போவது

எல்லாரும் ஒரே குரலில் பேசியிருந்தால் ஒரு சொல் போதும். அடிதடி நடந்த இடத்தில் மூன்று வரியாவது எழுதுங்கள். நாளை யாராவது உங்கள் பேச்சுப் பக்கத்தில் வந்து கேட்பார், பிறகு மறுபரிசீலனைக்குப் போவார். அங்கே கட்டுரை நல்லதா என்று பார்க்க மாட்டார்கள். நீங்கள் விவாதத்தைச் சரியாகப் படித்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

பதிப்புரிமை மீறல்

எத்தனை பேர் “இருக்கட்டும்” என்றாலும் இருக்க முடியாது.

கடிகாரம்

விவாதத்தில் பதிவாகும் நேரம் உலகப் பொது நேரம், ஏழு நாளையும் அதை வைத்தே எண்ணுங்கள். சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நமக்கு எட்டாம் தேதி காலை ஏழு மணி என்றால் அங்கே இன்னும் ஏழாம் தேதி இரவு பதினொன்றுதான். காப்பி குடித்துவிட்டு வந்து முடித்து வையுங்கள்.