கேஸ் ரிப்போர்ட் எழுத உட்காரும் முதுநிலை மாணவருக்கு

அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் முதுநிலை மாணவர்களின் கேஸ் ரிப்போர்ட் வரைவுகள், அதாவது ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ இதழுக்கு எழுதும் கட்டுரைகளின் வரைவுகள், எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், "மேடம், மிக அபூர்வமான கேஸ், நாளைக்குள் அனுப்ப வேண்டும்" என்ற குறிப்போடு வரும். அவற்றில் பாதிக்கு மேல் நான் எழுதும் பதில் ஒன்றுதான்: டிஸ்சார்ஜ் சம்மரியை மூடிவிட்டுக் கேஸ் ஷீட்டை எடுத்து மறுபடி படியுங்கள். அந்தப் பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன்.

எது எழுதத் தகுந்தது

நோய் அபூர்வமாக இருந்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மிக அரிய மரபணு நோய் ஒன்று பாடப்புத்தகத்தில் உள்ளபடியே உங்கள் வார்டுக்கு வந்து, உள்ளபடியே தெரிந்து, உள்ளபடியே முடிந்தால் அதை மாதாந்தரக் கூட்டத்தில் பேசுங்கள், போதும். தினம் பார்க்கும் நோய் வேறு முகத்தோடு வந்து உங்கள் யூனிட்டையே ஒரு நாள் முழுக்கத் திணறடித்தது என்றால் அதை எழுதுங்கள். எழுதுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இதைப் படித்த பிறகு, தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணியில் தனியாக இருக்கும் டாக்டர் எதை மாற்றிச் செய்வார்? விடை ஒரே வாக்கியத்தில் வராவிட்டால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை.

ஒரு மாதிரி கேஸை வைத்துப் பேசுவோம். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சாப்பிடும் ஒரு பெண்மணி மூச்சு வாங்குகிறது என்று வருகிறார். பல்ஸ் ஆக்சிமீட்டரில் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு, 85 சதவீதம் காட்டுகிறது. ஆக்சிஜன் வைத்தும் 85தான். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. தமனி ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் அழுத்தம் நன்றாகவே இருக்கிறது. சிரிஞ்சில் எடுத்த ரத்தம் மட்டும் சாக்லேட் நிறம். கூட்டு மருந்தில் உள்ள டாப்சோன் மாத்திரையால் வந்த மெத்ஹீமோகுளோபினீமியா இது, அதாவது ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடும் நிலை. மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்த விஷயம் என்பதால், "டாப்சோனால் மெத்ஹீமோகுளோபினீமியா: ஓர் அபூர்வ நோயாளி" என்று தலைப்பு வைத்தால் ஆசிரியர் குழு முதல் பார்வையிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

ஆனால் அதே கூட்டு மருந்துப் பட்டையில் கிளோஃபாசிமினும் இருக்கிறது. அது தோலைக் கறுக்கவைக்கும். நோயாளியின் உதடும் விரல் நுனியும் நீலம் பாரித்திருப்பதை, "மாத்திரைக் கறுப்புதான்" என்று கிளோஃபாசிமின் தலையில் கட்டிவிட்டு ஒரு நாள் கடந்திருந்தால், அதுதான் உங்கள் செய்தி. கூட்டு மருந்து சாப்பிடுபவரின் கறுப்பைக் கண்டால் நாக்கைப் பாருங்கள், சாச்சுரேஷனைப் பாருங்கள், ஆக்சிஜனுக்கு அது அசையாவிட்டால் ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளை வடிதாளில் விட்டுப் பாருங்கள். காற்றுப் பட்டும் சிவக்காமல் பழுப்பாகவே நின்றால் சந்தேகம் வலுக்கிறது. தாலுகா மருத்துவமனையிலும் வடிதாள் கிடைக்கும். இப்போது எழுதலாம்.

ஒற்றைக் கேஸால் என்ன ஆகிவிடும் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்காக மூன்றைச் சொல்கிறேன். 1952இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடைய குழுவினரும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் ரத்தம் எந்த வகையோடும் சேரவில்லை என்பதை லான்செட் இதழில் எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் ரத்த வங்கிகள் சொல்லும் பம்பாய் ரத்த வகை அதுதான். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் வாராந்தர அறிக்கையில் லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களுக்கு வந்த விசித்திர நிமோனியா பற்றிய குறிப்பு வந்தது. எய்ட்ஸ் பற்றிய முதல் பதிவு அது.

மூன்றாவது, 1961 டிசம்பரில் சிட்னி மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைட் லான்செட்டுக்கு எழுதிய சின்னஞ்சிறு கடிதம். கர்ப்ப காலத்தில் தாலிடோமைட் என்ற மருந்தைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடுகள் அதிகமாகத் தெரிகின்றன, வேறு யாராவது இப்படிப் பார்த்தீர்களா என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டார். முடிவு சொல்லாமல் கேள்வி கேட்டதில்தான் அந்தக் கடிதத்தின் அழகு. இதே மெக்பிரைட் பின்னாளில் வேறொரு மருந்து ஆய்வில் தரவுகளைத் திரித்ததற்காக 1993இல் மருத்துவப் பதிவை இழந்தார். மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

வீட்டுக்குப் போகும் முன் ஒப்புதல்

இதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் கட்டுரை அப்படியே நின்றுவிடும். நோயாளி டிஸ்சார்ஜ் ஆனபின் கொடுத்த கைப்பேசி எண் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும், அல்லது அணைந்திருக்கும். அறுவை சிகிச்சைக்கோ வார்டில் சேர்ப்பதற்கோ வாங்கிய கையெழுத்து பிரசுரத்துக்குச் செல்லாது. தனித் தாளில், நோயாளிக்குப் புரியும் மொழியில், எதை எழுதப் போகிறீர்கள், எந்தப் படத்தைப் போடுவீர்கள், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மறுத்தாலும் சிகிச்சையில் குறை வராது என்று நான்கையும் எழுதி, வாசித்துக் காட்டி வாங்குங்கள். கைநாட்டு என்றால் யூனிட்டைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்கட்டும். நோயாளி இறந்திருந்தால் நெருங்கிய உறவினரிடம் கேட்க வேண்டும். அதற்குத் துக்கம் சற்று ஆறும்வரை பொறுங்கள். சிறுவர்கள் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் ஆய்வுகளுக்கு 7 வயது முதல் வாய்மொழிச் சம்மதத்தையும் 12 வயதுக்கு மேல் எழுத்துச் சம்மதத்தையும் கேட்கின்றன. கேஸ் ரிப்போர்ட்டுக்கும் அதையே பின்பற்றுவது நல்லது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உங்கள் குழுவின் உறுப்பினர் செயலரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்பது பெரிய மாயை. வயது, ஊர், தொழில், சேர்ந்த தேதி நான்கும் ஒரே பத்தியில் வந்தால் அந்த ஊர்க்காரர் எவரும் கண்டுபிடித்துவிடுவார். தேவையில்லாத விவரத்தை நீக்குங்கள். மாற்றி எழுதாதீர்கள், அது பொய்த் தரவு. கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போடுவது போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்லி வெகுகாலமாகிறது. ஸ்கேன் படத்தின் மூலையில் பெயரும் உள்நோயாளி (ஐ.பி.) எண்ணும் பொடி எழுத்தில் இருக்கும். பவர்பாயின்டில் ஓரத்தை வெட்டினால் வெட்டியது கண்ணுக்கு மறையுமே தவிர கோப்புக்குள் இருந்துகொண்டேதான் இருக்கும்.

கால வரிசை

கட்டுரையின் உயிர் இதில்தான் இருக்கிறது. இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எழுதியவருக்கு முடிவு தெரியும். அதனால் முதல் நாளே எல்லாம் டாப்சோனைச் சுட்டிக்காட்டியதுபோல எழுதிவிடுவார். உண்மையில் முதல் நாள் நீங்கள் நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தீர்கள். இரண்டாம் நாள் நுரையீரல் ரத்தக்கட்டியாக இருக்குமோ என்று சி.டி.க்கு எழுதினீர்கள். இரவு டியூட்டி நர்ஸ், "எத்தனை லிட்டர் ஏற்றினாலும் 85ஐத் தாண்டவில்லை" என்று குறித்து வைத்தார். அந்த வரிதான் திருப்பம். அது எந்தச் சம்மரியிலும் இருக்காது, நர்ஸிங் சார்ட்டில் மட்டும் இருக்கும்.

ஆகவே முதலில் ஒரு வெள்ளைத் தாளில் தேதியும் மணியும் போட்டு, அப்போது என்ன தெரிந்தது, அதை வைத்து என்ன நினைத்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று மூன்று பத்திகளாக எழுதுங்கள். பின்னால் தெரிந்ததை முன்னால் கொண்டுவந்து வைக்காதீர்கள். தவறாகப் போன வழிகளை மறைக்காமல் எழுதுங்கள். யூனிட் சீஃபுக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆனால் படிக்கும் டாக்டரும் அதே வழியில்தான் தவறப் போகிறார், அவருக்கு வேண்டியது அந்த வளைவின் குறிப்புத்தான். லேப் முடிவுகளை, ரத்தம் எடுத்த நேரப்படி எழுதுங்கள், ரிப்போர்ட் கையில் வந்த நேரப்படி அல்ல. இரண்டுக்கும் நடுவே பல மணி நேரம் ஓடியிருந்தால் அந்த இடைவெளியையும் சொல்லுங்கள். சில கருவிகள் ஆக்சிஜன் அழுத்தத்தை வைத்துச் சாச்சுரேஷனைக் கணக்கிட்டுச் சொல்பவை, நேரடியாக அளப்பவை அல்ல. ரிப்போர்ட்டில் 98 என்று வந்திருந்தால் அது கணக்கிட்டதா, கோ-ஆக்சிமீட்டரில் அளந்ததா என்று லேப்பில் நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள். இந்தக் கேஸே அந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

வடிவத்துக்கு, கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கென்றே 2013இல் வந்த கேர் (CARE) வழிகாட்டியின் 13 தலைப்புகள் இருக்கின்றன. பெரும்பாலான இதழ்கள் அந்தப் பட்டியலை நிரப்பிக் கேட்கின்றன. அதில் "நோயாளியின் பார்வை" என்று ஒரு தலைப்பு உண்டு. வரும் வரைவுகளில் அது காலியாகவோ, "சிகிச்சையில் திருப்தி அடைந்தார்" என்றோ இருக்கும். நோயாளி என்ன ஓட்டலுக்கா வந்தார், திருப்தி அடைய? பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேளுங்கள். தோல் கறுத்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்விக்குப் பயந்து மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி தொடங்கியிருக்கலாம். எந்த லேப்பும் அதைச் சொல்லாது.

மருந்துதான் காரணம் என்று சொல்வதற்கு முன்

மருந்து கொடுத்தோம், பிறகு வந்தது, ஆகவே மருந்தால் வந்தது என்பது வாதம் ஆகாது. எப்போது தொடங்கினார், என்ன அளவு, நிறுத்தியபின் எத்தனை நாளில் இறங்கியது, வேறு என்ன காரணங்களைத் தேடி விலக்கினீர்கள், நாட்டு மருந்து உண்டா என்று எழுதுங்கள். ஒரு பாதிப்பு மருந்தால் வந்ததா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்க 1981இல் வந்த நரஞ்சோ அளவுகோலில் பத்துக் கேள்விகள். மொத்தம் 5 முதல் 8 வந்தால் "பெரும்பாலும் மருந்தால்", 9 அல்லது மேல் என்றால் "உறுதியாக". உறுதி என்று காட்டுவதற்காக மதிப்பெண்ணை ஏற்றாதீர்கள். மறுபடி அதே மருந்தைக் கொடுத்துப் பார்க்காத நிலையில் அநேகமாக "பெரும்பாலும் மருந்தால்" என்பதுதான் வரும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கட்டுரை வருகிறதோ இல்லையோ, மருந்து எதிர்விளைவுக் கண்காணிப்புத் திட்டத்துக்கு எதிர்விளைவை அறிவிக்கும் படிவத்தை அன்றே அனுப்புங்கள். உங்கள் கல்லூரியின் மருந்தியல் துறையில் கிடைக்கும். இலவச எண் 1800-180-3024.

ஆய்வுரையைச் சுருக்குங்கள்

ஹீமோகுளோபினின் வேதியியலை ஒன்றரைப் பக்கம் எழுதியிருப்பீர்கள். அடித்துவிடுங்கள். ஏற்கெனவே என்ன பதிவாகியிருக்கிறது, உங்களுடையது எங்கே வேறுபடுகிறது, இரவு டாக்டருக்கு என்ன செய்தி, இந்த ஒரு கேஸால் எதைச் சொல்ல முடியாது, இவ்வளவு போதும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஒரு நோயாளி பிழைத்ததை வைத்து அந்தச் சிகிச்சை மேலானது என்று எழுத முடியாது. அதற்கு என்ன வேண்டும் என்று பார்க்க ஆசைப்பட்டால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி, 2023இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த, ஸ்க்ரப் டைஃபஸ் என்ற தொற்றுக் காய்ச்சல் பற்றிய ஆய்வைப் படியுங்கள். தீவிர நோய்க்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று காட்ட நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டியிருந்தது.

"இந்தியாவிலேயே முதன்முறை" என்று எழுதும் ஆசையை அடக்குங்கள். எழுதத்தான் வேண்டும் என்றால், பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் எந்தச் சொற்களைப் போட்டு எந்தத் தேதியில் தேடினீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். மேற்கோள் கட்டுரை ஒவ்வொன்றையும் திறந்து படித்த பிறகே பட்டியலில் சேருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி கொடுக்கும் மேற்கோள்களில் பிறக்காத கட்டுரைகளும் உண்டு.

பெயர்களும் இதழும்

யார் யார் பெயர் வரும் என்பதை முதல் வரி எழுதும் முன் பேசிவிடுங்கள். பங்களித்தவர், எழுதியவர் அல்லது திருத்தியவர், இறுதி வடிவை ஒப்புக்கொண்டவர், கேள்வி வந்தால் பதில் சொல்லப் பொறுப்பேற்பவர் என்ற நான்கும் ஒருவரிடமே சேர்ந்திருக்க வேண்டும் என்பது மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவின் அளவுகோல். மரியாதைக்காகப் பெயர் சேர்க்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது, நான் சொல்லி மாறப்போவதில்லை. ஆனாலும் 85ஐக் குறித்து வைத்த நர்ஸுக்கு நன்றி வரியில் இடம் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

"மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று முதலாம் ஆண்டு மாணவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, மூன்று நாளில் பிரசுரம் என்று சொல்லும் இதழுக்குப் பணம் கட்டாதீர்கள். கட்டணம் எவ்வளவு என்று தளத்தில் வெளிப்படையாக இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அங்கே இருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் நூலகரிடம் கேட்டாலே பாதி தெளிந்துவிடும்.

ஏற்றுக்கொண்டபின் அச்சுப் பிரதி திருத்தத்துக்கு வரும், பெரும்பாலும் இரண்டு நாள் அவகாசத்தோடு. அதில் நடையைப் பார்க்க வேண்டாம், எண்களைப் பாருங்கள். நம் மாதிரி கேஸுக்கு மருந்தான மெத்திலீன் ப்ளூ உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், ஐந்து நிமிடத்தில் மெதுவாக என்பது சரியாக இருக்கிறதா, புள்ளி இடம் மாறியிருக்கிறதா, ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வரி வெட்டுப்பட்டுவிட்டதா என்று கேஸ் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னொருவரை உரக்க வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்து அனுப்புங்கள்.