கைவிடப்பட்ட மாணிக்கக் குழிகள்: ஆபத்தை அளக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், மானாப் புல் மண்டிக்கிடந்த இடத்தைக் காட்டி, "அங்கிட்டு கால வச்சிறாதீங்க தம்பி" என்றார். பார்க்க வெறும் புல்தான். கையிலிருந்த கம்பை அதற்குள் விட்டுக் காட்டினார். கம்பு முழுதாக உள்ளே போனது, அடி தட்டவில்லை. வெளியே இழுத்தபோது பாதிக்கு மேல் நனைந்திருந்தது. யாரோ இராத்திரியில் மாணிக்கம் தேடித் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன குழி. நாங்கள் கொண்டுபோன வரைபடத்தில் அது இல்லை.

எங்கள் முதல் தவறு அதுதான். காகிதத்தை நம்பி மலை ஏறிவிட்டோம். உரிமம் பெற்றுத் தோண்டுகிறவர், வேலை முடிந்ததும் குழியை மூடித் தரவேண்டும். அதற்காக இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிடம் முன்கூட்டியே வைப்புப் பணம் கட்டுகிறார். திருட்டுத்தனமாகத் தோண்டிய குழிக்குப் பதிவும் இல்லை, மூட ஆளும் இல்லை. அந்தக் குழிகளை அறிந்தவர்கள் கொழுந்து எடுக்கும் பெண்களும், கான் (வடிகால்) வெட்டுகிறவர்களும், விறகுக்குப் போகும் பிள்ளைகளும்தான். அவர்களிடம் தமிழில் கேளுங்கள். "யார் தோண்டினது?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எந்த இடத்தில் கால் வைக்கப் பயம்?" என்று கேட்டால் கூடவே வந்து காட்டுவார்கள்.

அடுத்தது, பெப்ரவரி, மார்ச்சில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. அப்போது மண் இறுகியிருக்கும், ஓடை தெளிந்திருக்கும். நுவரெலியா மாவட்டத்தின் மேற்குச் சரிவுகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளைப் பக்கம் பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அந்தந்த மழையிலும் ஒருமுறை போகவேண்டும். அப்போதுதான் குழி எங்கே நிரம்புகிறது, எந்தப் பக்கம் வழிகிறது என்று தெரியும்.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகம் தவறுகிறோம். வெளிநாட்டு உலோகச் சுரங்கங்களுக்கு எழுதிய பட்டியலை எடுத்துக்கொண்டு பாதரசம், சயனைட் என்று தேடுகிறார்கள். மாணிக்கம் அரிக்க அவை எதுவும் தேவையில்லை. தண்ணீரும் அரிகூடையும் போதும். இங்கே முதல் ஆபத்து சேறு. கலங்கிய நீரில் குளோரின் போட்டாலும் சேற்றுத் துகளுக்குள் ஒளிந்த கிருமி தப்பிவிடும். லயத்துப் பீலிக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாய்க்கு) அந்த நீர் வருகிறதென்றால் வயிற்றோட்டம் வந்துகொண்டே இருக்கும். கீழேயும் கணக்கு உண்டு: கெசல்கமு ஓயா காசல்ரி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அப்புறம் மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிநீர் எடுப்பது அந்தக் களனியிலிருந்துதான்.

ஒரே ஒரு போத்தல் எடுத்து முடிவு சொல்லாதீர்கள். குழிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, பீலி வாயில் ஒன்று எடுங்கள். மேலே எடுக்காவிட்டால் தேயிலைக்குப் போட்ட உரத்தின் நைத்திரேற்றையும் குழியின் தலையில் கட்டிவிடுவோம். கிருமிப் பரிசோதனைக்கான போத்தல் கிருமி நீக்கியதாக இருக்கவேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். தேங்கிய குழிநீரில் நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு சேர்ந்து பாருங்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தாலும், மலேரியா நுளம்பு நாட்டை விட்டுப் போய்விடவில்லை.

அரித்து ஒதுக்கிய கனமான கருமணலை வீட்டுப் பூச்சுக்கு அள்ளிப் போவதையும் கவனியுங்கள். கதிர்வீசும் தோரியம் நிறைந்த தோரியனைற்று என்ற கனிமத்தை 1904இல் நிலவியலாளர் ஆனந்த குமாரசுவாமி கண்டெடுத்தது பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக்கல் மண்ணில்தான். எல்லாக் குழியிலும் அது இருக்கும் என்பதில்லை. ஆனாலும் கதிர்வீச்சை அளந்து பார்க்காமல் அந்த மணலை வீட்டுக்குள் கொண்டுபோக விடக்கூடாது.

குழிக்குள் இறங்கவே இறங்காதீர்கள். முட்டுக் கொடுத்த மரமும் தழையும் அழுகும்போது ஒட்சிசனைத் தின்றுவிடும், காபனீரொட்சைட்டு (CO2) அடியில் தங்கிவிடும். மெழுகுதிரி எரிந்தால் காற்று நல்லது என்பார்கள். உள்ளே எஞ்சின் பம்ப் ஓட்டியிருந்தால் தேங்கும் காபனோரொட்சைட்டு (CO) சுடரை அணைக்காது, ஆளைத்தான் சாய்க்கும். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் அப்படியே போய்விடுவார்.

மண்ணை அள்ளிக் கொட்டி மூடிவிட்டால் சரி என்று எழுதுவதும் பிழை. அடுக்கடுக்காக இறுக்காத மண் அடுத்த மழையில் அமிழும், சரிவுக்குள் நீரைத் தேக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மண்சரிவு விழிப்பு, 150 தாண்டினால் வெளியேற்றம் என்று அளவு வைத்திருக்கிறது. அடிவாரம் தோண்டப்பட்ட மலைக்கு அந்த அளவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கிளம்பிய ஊற்று, திடீரென்று வற்றிய பீலி, இவற்றில் ஒன்று கண்டாலும் போதும், வெளியேறிவிட வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அங்கே மாணிக்கக் குழி காரணமில்லை. ஆனால் அபாயம் பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

குழியின் ஆழத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். காட்டுக்குள் இருக்கும் 20 அடிக் குழியைவிட, பிள்ளைக் காம்பராவுக்கு (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு) பின்னால் இருக்கும் 6 அடிக் குழி முதலில் மூடப்படவேண்டும்.

அறிக்கையை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடவும் வேண்டாம். தமிழில் ஒரு பக்கம் எழுதி லயத்துச் சுவரிலும் பிள்ளைக் காம்பராக் கதவிலும் ஒட்டுங்கள்: எந்தப் பீலித் தண்ணீரைத் தெளியவைத்து, வடித்து, கொதிக்கவைக்க வேண்டும், எந்தக் குறுக்குப்பாதையில் பிள்ளைகள் போகக் கூடாது, வெடிப்புக் கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்க வேண்டும்.